செம்பனைக் குலை ஏற்ற மூன்று சக்கர மோட்டார் எடுக்கலாமா?

மெலிந்தாங்_தம்பி:

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியாவில், பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை). முதிர்ந்த மரம், குலை சராசரி 18 கிலோ. தரை சமம்தான், ஆனால் கடலோரக் களிமண், மழை விழுந்தால் ஒரே சகதி. இப்போது குலையை வெட்டி, கெரெத்தா சோரோங்கில் (கைத்தள்ளுவண்டி) ரோட்டோரம் தள்ளி, அங்கிருந்து லோரிக்காரர் ரேம்ப்புக்கு (குலை வாங்கும் நிலையம்) ஏற்றிப் போகிறார். தள்ளுகிற கூலியும் லோரி கூலியும் போக மிஞ்சுவது குறைவு.

200 சிசி மூன்று சக்கர சாமான் மோட்டார், பின்னால் தொட்டி, ரிவர்ஸ் கியர் எல்லாம் உள்ளது, ஒன்று எடுத்தால் காட்டுக்குள்ளிருந்து நேராக ரேம்ப்புக்கே கொண்டு போய்விடலாமா? ரேம்ப் 3 கிலோமீட்டர். அதில் 1 கிலோமீட்டர் பெரிய ரோடு. கப்சாய்க்கு (சின்ன இரண்டு சக்கர மோட்டார்) பின்னால் அச்சு போட்டு மூன்று சக்கரமாக அடித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறையிலும் சொல்கிறார்கள், அதில் செலவு பாதிக்கும் கீழே.

கேட்கிற ஆளெல்லாம் "அது கவிழ்ந்துவிடும்" என்கிறார்கள். ஏன் கவிழ்கிறது, எப்போது கவிழ்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை_அண்ணன்:

தம்பி, முதலில் கவிழ்வதைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாலு சக்கர வண்டிக்குத் தரையில் நிற்கும் இடம் ஒரு செவ்வகம். உன் வண்டிக்கு முக்கோணம், கூர்முனை முன்னால். வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதில்லை. முன் சக்கரத்தையும் வெளிப்பக்கப் பின் சக்கரத்தையும் சேர்க்கிற கோடு இருக்கிறதே, அதன் மேல் புரண்டு, முன்னும் பக்கமுமாகக் குறுக்கே விழும். அதனால் பாரம் முன்னால் இருக்க இருக்க அந்தக் கோட்டுக்கும் பாரத்துக்கும் உள்ள தூரம் குறையும்.

கணக்குப் போட்டுப் பார். பின் சக்கரம் இரண்டுக்கும் நடு 1 மீட்டர். மொத்த எடையில் கால்பங்கு முன் சக்கரத்தில், முக்கால்பங்கு பின்னால். அப்படியானால் எடையின் நடுப்புள்ளியில் உனக்குக் கிடைக்கிற அரை அகலம் 50 சென்டிமீட்டர் இல்லை, அதில் முக்கால்தான், 37 சென்டிமீட்டர். எடைப்புள்ளி தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம் என்றால், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். குலையைத் தொட்டிக்கு மேலே கோபுரமாக அடுக்கி எடைப்புள்ளி 95 சென்டிமீட்டருக்குப் போனால் 22. அதே கோபுரத்தோடு பட்டணத்துச் சந்தியில் 6 மீட்டர் ஆரத்தில் ஒடித்தால் 17 கிலோமீட்டர்தான். காய்ந்த தார் ரோட்டில் டயருக்கு இதைவிடப் பிடிப்பு அதிகம், ஆகவே வழுக்கி உன்னை எச்சரிக்காது, நேராகக் கவிழ்க்கும். சகதியில் வழுக்கத்தான் செய்யும், அது வேறு தொல்லை.

வெறும் வண்டி பத்திரம் என்று நினைக்காதே. பாரம் இறங்கினதும் எடையில் பாதிக்குக் கிட்டே முன் சக்கரத்துக்கு வந்துவிடும், அரை அகலம் 27, 28 சென்டிமீட்டராகச் சுருங்கும். எடைப்புள்ளி கீழே இறங்கினாலும் இது அதைச் சாப்பிட்டுவிடும். போதாததற்கு, அரை டன்னுக்குப் போட்ட பட்டை ஸ்பிரிங் வெறும் வண்டியில் வளையவே வளையாது, குழியில் துள்ளும். ரேம்ப்பில் கொட்டிவிட்டு ஜாலியாகத் திரும்பும்போது கவிழ்வது இதனால்தான்.

பிரேக் வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் எடை முழுக்க அந்தக் கூர்முனைக்கு ஓடும்.

அதற்காகக் குலையெல்லாம் கடைசிப் பலகைக்கு ஒதுக்கிவிடாதே. பின் அச்சுக்கு அப்பால் பாரம் போனால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டல் கேட்காது, கான் (வடிகால்) கரை ஏறும்போது மூக்கைத் தூக்கும். பெரிய குலைகள் அச்சுக்குச் சற்று முன்னால், கீழ் வரிசையில். சின்னதும் உதிரிப்பழச் சாக்கும் மேலே. சரியாக ஏற்றினோமா என்று பார்க்க வழி: ரேம்ப்பில் டிம்பாங் (எடைமேடை) இருக்கும், நீ உட்கார்ந்தபடியே முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்று. வண்டி 300, நீ 70, இருபது குலை 360, மொத்தம் 730 கிலோ. முன் சக்கரம் 150க்கும் 180க்கும் நடுவில் காட்டினால் சரி. அதற்குக் கீழே என்றால் குலையை முன்னால் நகர்த்து. பழகின பிறகு எந்தக் குலை எங்கே என்று கண்ணே சொல்லும்.

சிப்புட்_மலைக்காடு:

அண்ணன் சொன்னது வளைவு. காட்டில் பெரும்பாலும் கவிழ்ப்பது சரிவு. அதே எண்ணில் நின்றபடியே கவிழும் கோணம் 26 பாகை, கோபுரம் அடுக்கினால் 21. காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஆனால் ஓடுகிற வண்டியின் மேல்சக்கரம் ஒரு மட்டைக் கட்டையில் ஏறினால் அதில் பாதி அந்த ஒரே குலுக்கலில் போய்விடும். 10 பாகைக்கு மேல் குறுக்குச் சரிவில் பாரத்தோடு போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பின் சக்கரம் மற்றதைவிட 17, 18 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால் அது 10 பாகை. ஒரு சாண் கூட இல்லை! சுங்கை சிப்புட் பக்கத்து மேட்டுக்காட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். படிக்கட்டுப் பாத்தியில் ஒரு சக்கரம் விளிம்பு தவறினால் முடிந்தது. ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ மாதிரி சமநிலத்துக்குத்தான் இது.

அமெரிக்காவில் சகதிக்காட்டில் ஓட்டுகிற பலூன் டயர் மூன்று சக்கர மோட்டார் 1970லிருந்து விற்றார்கள். விபத்துகள் பெருகி, 1988ல் அரசும் கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்பாட்டோடு அதன் விற்பனை நின்றது. அதே கம்பெனிகள் பிறகு நாலு சக்கரத்தில்தான் செய்தன.

இன்னொன்று, கால். கப்சாய் ஓட்டிப் பழகியவன் வண்டி சாய்ந்தால் யோசிக்காமல் காலை ஊன்றுவான். இதில் ஊன்றினால் பின்னால் வருகிற சக்கரம் கணுக்காலில் ஏறும். கால் எப்போதும் மிதிப்பலகையில். உடம்பைத்தான் வளைவின் உள்பக்கம் தள்ளி உட்கார வேண்டும். ஹேண்டலும் நேர்மாறு. இரண்டு சக்கரத்தில் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும், ஹேண்டல் அதன் பின்னால் வரும். இதில் ஹேண்டலைத் திருப்பினால்தான் திரும்பும், பாரம் இருந்தால் தோள் வலிக்க வலிக்க. முதல் வாரம் வெறும் வண்டியோடு பள்ளித் திடல் மாதிரி இடத்தில் பழகாமல் கானோரம் போகாதீர்கள்.

செம்பனை_கணக்கன்:

தித்தியைப் (சின்னப் பாலம்) பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் பக்கம் பாரிட் (வாய்க்கால்) மேலே போட்டிருக்கிற தித்தி பாதிக்கு மேல் இரண்டு தென்னங்கட்டை, அல்லது இரண்டு பலகை, நடுவில் வெற்றிடம். நாலு சக்கரம் போகும், கப்சாய் ஒரு பலகையில் போகும். மூன்று சக்கரத்துக்கு மூன்றாவது பலகை நடுவில் வேண்டும். தித்தி முழுக்கக் குறுக்குப் பலகை அடித்து மூடுவதே நல்லது. பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 280 கிலோ வாக்கில் இறங்கும், ஆகவே 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள கெட்டி மரம், இரண்டு ஓரமும் தடுப்புக் கட்டை. உளுத்த தென்னங்கட்டையை நம்ப வேண்டாம். இந்தச் செலவை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பாதையும் அப்படித்தான். லோரித்தடம் விழுந்த செம்மண் பாதையில் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், முன் சக்கரம் நடு மேட்டுப் புல்லில் ஏறும். ஈரப் புல்லில் முன் சக்கரம் எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அந்தப் பக்கம் வண்டி. குழியை இரண்டு சக்கரத்துக்கு நடுவே விட்டுத் தப்பிக்கலாம் என்றால், நடுவில்தான் முன் சக்கரம் வருகிறது.

இனி கணக்கு. நாலு ஏக்கர், பராமரித்த மரம், 15 நாள் சுற்றுக்கு ஒரு டன் வாக்கில் விழும். கெரெத்தா சோரோங்கில் ஐந்து குலை, 90 கிலோ, ஆகவே 11 அல்லது 12 நடை. மூன்று சக்கரத்தில் இருபது குலை வைத்தால் மூன்று நடை. மிச்சமாவது உடம்பு, ஒரு ஆள் கூலி, பாதி நாள். ஆனால் மாதம் இரண்டு நாள் வேலைக்கு ஒரு வண்டியை மழையில் நிறுத்தி வைப்பது நாலு ஏக்கருக்குக் கட்டாது என்பது என் கருத்து. பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்கு ஒரு வண்டி, வெட்டு நாளை மாற்றி மாற்றி வைத்தால் கட்டும். உர மாதத்தில் 50 கிலோ மூட்டை ஏழு ஒரே நடையில் போகும், அது கூடுதல் லாபம்.

பெரிய_ரோடு:

1 கிலோமீட்டர் பெரிய ரோடு என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இந்த வாங்கலில் சிக்கலே அந்த ஒரு கிலோமீட்டர்தான்.

தோட்டத்துக்குள் தனிப்பாதையில் ஓட்டுவது ஒன்று. பொது ரோட்டில் சக்கரம் பட்டதும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்துவிடும்: பதிவு, ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், லைசென், நாலும் வேண்டும். கடைக்காரர் "காட்டு வேலைக்கு" என்று விற்பதில் பல வண்டிக்குப் பதிவே கிடையாது. வாங்கும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சேசி எண்ணும் இன்ஜின் எண்ணும் அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். "பிறகு செய்து தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

லைசென்னும் கவனிக்கணும். கையில் இருக்கிற பி2 இரண்டு சக்கர மோட்டாருக்கு, 250 சிசி வரை. மூன்று சக்கரத்துக்கு சி என்று தனி வகை உண்டு. ஏ வகை உடற்குறையுள்ளவர்கள் ஓட்டுகிற வண்டிக்கு. பட்டணத்தில் கப்சாய்க்கு இருபுறமும் துணைச்சக்கரம் மாட்டி ஓகேயூ (உடற்குறையுள்ளவர்) அடையாளத்தோடு போகிறார்களே, அது முறையாக அனுமதி வாங்கிச் செய்த மாற்றம். "அவர் மாட்டியிருக்கிறாரே" என்று காட்டித் தப்பிக்க முடியாது. கப்சாயை அறுத்து அச்சு போட்டால் அது பதிவில் இருக்கிற வண்டியே இல்லை. இடித்தால் இன்சூரன்ஸ் கைகழுவலாம், எதிராளியின் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

ஆகவே: மூன்று சக்கரம் காட்டுக்குள்ளிருந்து ரோட்டோரம் வரை, அங்கிருந்து ரேம்ப்புக்குப் பழையபடி லோரி. உங்கள் கூலியில் பாதி போவது தள்ளுகிற வேலைக்குத்தானே, அது மிச்சமானாலே போதும்.

பட்டறை_அண்ணன்:

ரோடு விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி, நான் எதிர்க்கவில்லை. டிம்பாங்கில் முன் சக்கரம் ஏற்றச் சொன்னேனே, பதிவுள்ள வண்டி என்றால் மட்டும் அது. இல்லையென்றால் பழைய இரும்புக் கடையின் தராசு ஒன்றைக் காட்டுக்கு எடுத்து வா.

கப்சாய் அச்சு பற்றிக் கேட்டாய். பட்டறையில் போடுவது பெரும்பாலும் 25 மில்லி இரும்புத்தண்டு, யூசிபி 205 பேரிங் இரண்டு, நடுவில் ஒரு ஸ்ப்ராக்கெட், 428 செயின். வளைவில் இரண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் பூட்டியிருக்கும். சகதியில் இது நல்ல குணம், ஒரு சக்கரம் சிக்கினாலும் மற்றது இழுக்கும். கெட்டித்தரையில் கெட்ட குணம்: வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், பூட்டியிருப்பதால் முடியாது, ஆகவே ஒரு டயர் தேய்ந்துகொண்டே வண்டி நேராகத் தள்ளும். அந்த முறுக்கு முழுக்க எங்கே போகும் என்றால் தண்டில் பூட்டுச் சாவிக்காக (கீ) வெட்டிய பள்ளத்துக்கு. தண்டு ஒடிவது எப்போதும் அந்த இடத்தில்தான், இல்லையென்றால் பேரிங்குக்கும் ஹப்புக்கும் நடுவில். பேரிங்கை ஹப்புக்கு 7, 8 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து, தண்டை 30 மில்லியாக்கி யூசிபி 206 போட்டால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும்.

அப்படியும் 110 சிசி இன்ஜினுக்கு 150 கிலோவுக்கு மேல் ஏற்றாதே. கிளச் வழுக்கும். பிரேக்கும் கப்சாயின் ஒரே பின் சக்கரத்துக்குச் செய்த அதே டிரம், அதை இரண்டு சக்கரத்துக்கும் பாரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்கிறாய். ரிவர்ஸ் கிடையாது, கானோரம் முட்டி நின்றால் இறங்கித்தான் தள்ள வேண்டும். எட்டுக் குலைக்கு இவ்வளவு கூத்து வேண்டாம் என்பேன்.

200 சிசி கடைவண்டியில் பார்க்க வேண்டியது: செயினுக்குப் பதில் ஷாஃப்ட் ஓட்டுகிற வண்டி என்றால் அதன் குறுக்கு மூட்டு. கையால் ஷாஃப்டை முறுக்கிப் பார், "டக்" என்று விளையாடினால் மாற்றணும். களிமண் காட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிப்பிளில் கிரீஸ் அடிக்காவிட்டால் முதலில் போவது இதுதான், போகும்போது ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தும். பின் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டு, ஆடினால் பேரிங். முன் ஃபோர்க்கைப் பக்கத்திலிருந்து பார், தித்தி விளிம்பில் இடித்த வண்டி என்றால் கீழ்ப்பாதி உள்ளே மடங்கியிருக்கும். தொட்டியின் கீழ்ச் சட்டத்தில் வெல்டிங் மேல் புது பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்காமல் விடாதே.

தண்ணீர் கூலிங் இன்ஜினையே எடு. முதல் கியரில் பாரத்தோடு ஊர்ந்து போகிற வேலைக்குக் காற்று கூலிங் தாங்காது. ரேடியேட்டர் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும், அங்கே சேறு அப்பி ஓட்டை அடைந்துபோகும். வேலை முடிந்ததும் மெதுவான தண்ணீரில் கழுவு, பிரஷர் பம்ப் அடித்தால் இதழ் மடங்கும். இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாதே. காட்டில் நாள் முழுக்க ஓடினாலும் மீட்டர் 10 கூடக் காட்டாது, ஆயில் மட்டும் கருகியிருக்கும்.

ரிவர்ஸ் நெம்புகோல் தனிப்பெட்டி. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போடணும், ஓடும்போது இழுத்தால் பல் உடையும். பல வண்டியில் ரிவர்ஸில் வைத்து மூன்றாவது கியர் கூடப் போகும், தடுப்பு இருக்காது. முதல் கியர் மட்டும்.

மெலிந்தாங்_தம்பி:

நன்றி அண்ணே, எல்லாருக்கும். கப்சாய் யோசனையைக் கைவிட்டாச்சு. ரோட்டோரம் வரை மட்டும் ஓட்டுவதாகவே வைத்துக்கொள்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கூட்டுப் பேசணும்.

இரண்டு சந்தேகம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் ஆட்டோ ஓடுகிறதே, அதுவும் முன்னால் ஒரு சக்கரம்தான், அது மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? அடுத்து, டிஃபரன்ஷியல் வண்டி சகதியில் ஒரு சக்கரம் சும்மா சுற்றி நின்றுவிட்டால் என்ன செய்வது? பெருமழையில் பாரிட் நிரம்பி வண்டி அச்சு வரை தண்ணீரில் நின்றால்?

பட்டறை_அண்ணன்:

ஆட்டோவில் இன்ஜினே பின்னால், தரைக்குக் கிட்டே. ஆள் உட்காருவது பின் அச்சுக்குச் சற்று முன்னால், அதுவும் தாழ்வாக. எடை எங்கே வேண்டுமோ அங்கேயே பிறவியிலேயே இருக்கிறது. சக்கரம் சின்னது, தரை உயரம் குறைவு. உன் வண்டியில் இன்ஜின் ஓட்டுகிறவனுக்குக் கீழே நடுவில், தொட்டி அச்சுக்கு மேலே உயரத்தில். அந்த ஆட்டோவையும் வேகமாக ஒடித்தால் கவிழும், ஊர்க்காரர்களைக் கேள். மூன்று சக்கரத்தின் சுகம் அதில் நன்றாகத் தெரியும்: சந்துக்குள் நின்ற இடத்தில் திரும்பும், முன்னால் ஒரே ஃபோர்க் என்பதால் ஸ்டியரிங் மலிவு, ரிப்பேரும் மலிவு. 1886ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய முதல் மோட்டார் வண்டியும் மூன்று சக்கரம்தான், முன் சக்கரம் இரண்டையும் ஒழுங்காகத் திருப்புகிற வழி அவருக்கு அப்போது திருப்தியாக அமையவில்லை.

சகதியில் ஒரு சக்கரம் சுற்றினால் ஆக்ஸலை முறுக்காதே, தோண்டிக்கொண்டு இறங்கும். ஹேண்ட்பிரேக்கை லேசாக, இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து, முதல் கியரில் மெதுவாகக் கிளச் விடு. சுற்றுகிற சக்கரத்துக்கு பிரேக் தடை கொடுத்தால் டிஃபரன்ஷியல் நிற்கிற சக்கரத்துக்கும் கொஞ்சம் இழுப்பு அனுப்பும். இரண்டு பக்க பிரேக் சமமாக அட்ஜஸ்ட் பண்ணியிருந்தால்தான் இது வேலை செய்யும். டிரம் சூடேறும், ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கேட்கவில்லை என்றால் பாதிக் குலையை இறக்கு, சுற்றுகிற சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த மட்டை இரண்டு போடு. முள் பக்கத்தை முதலில் பாராங்கால் (வெட்டுக்கத்தி) சீவி எறி, டயரில் ஏறும். வாங்கும்போதே டிஃபரன்ஷியல் பூட்டு உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடு, ஆனால் பூட்டைப் போட்டபடி கெட்டித்தரையில் வளைக்காதே.

தண்ணீரில் நின்ற வண்டிக்கு, ஓட்டுவதற்கு முன்னாலேயே டிஃபரன்ஷியல் கீழ்த் திருகைக் கழற்றிப் பார். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கு. முழுக்க வடித்து, 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்று, பக்கத்து அளவுத் துளையில் வழிகிற வரைக்கும். ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பவும் வடித்துப் பார், இன்னும் வெளுப்பாக இருந்தால் இன்னொரு தரம். மேலே இருக்கிற மூச்சுக்குழாய்க்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, சீட்டுக்கு அடிவரை தூக்கிக் கட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அந்த வழியாகத் தண்ணீர் இறங்காது. பின் டிரம்மையும் கழற்றிக் காய வை. களிமண் காய்ந்து ஷூவில் ஒட்டினால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும்.